ஹைஸ்கூலில் எடுக்கும் கல்லூரி கிரெடிட்: எது கணக்கில் சேரும், எது சேராது?

அமெரிக்க ஹைஸ்கூல்களில் பிள்ளைகளின் பாடத் தேர்வுப் படிவத்தைப் பார்க்கும் பெற்றோருக்கு ஒரு குழப்பம் தவறாமல் வரும். ஏபி, ஐபி, டூயல் என்ரோல்மென்ட் எனப் பல பெயர்கள் இருக்கும். எல்லாவற்றிலும் ‘கல்லூரி கிரெடிட் கிடைக்கும்’ என்ற உறுதி இருக்கும். தெரிந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை மூன்றே ஆண்டில் பட்டம் வாங்கியிருப்பாள். இன்னொரு பிள்ளை அதே அளவு கிரெடிட்டுடன் போய் முழு நான்கு ஆண்டும் படித்திருப்பான். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் கேள்வி.

இது சிறிய வட்டத்தின் பிரச்சினையும் இல்லை. 2022-23 கல்வியாண்டில் டூயல் என்ரோல்மென்ட் வழியில் மட்டும் கிட்டத்தட்ட 25 லட்சம் ஹைஸ்கூல் மாணவர்கள் கல்லூரிப் பாடம் படித்தார்கள். கிரெடிட் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அதன் மதிப்பு அதை எங்கே சம்பாதித்தோம் என்பதை வைத்து முடிவாவதில்லை. பிற்பாடு சேரும் கல்லூரியில், எடுக்கும் பட்டத்தின் திட்டத்தில், அது எந்தக் கட்டத்தில் போய் உட்காருகிறது என்பதை வைத்தே முடிவாகிறது. இது புரிந்துவிட்டால் மீதிக் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

கிரெடிட் என்பது எதன் அளவு?

செமஸ்டர் முறையில் இயங்கும் அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. ஒரு பாடம் 3 கிரெடிட். ஆய்வகம் சேர்ந்த அறிவியல் பாடம் 4 இருக்கலாம். ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே ஏறக்குறைய இரண்டு மணி நேர உழைப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். செமஸ்டருக்கு 15 கிரெடிட் வீதம் எட்டு செமஸ்டர் படித்தால் 120 ஆகும். குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரிகளில் இதே பட்டத்துக்கு 180 என்று கணக்கு இருக்கும்.

‘கிரெடிட் கிடைத்தது’ என்று பேச்சில் சொல்லும்போது மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. எண்ணிக்கை: 120 என்ற மொத்தத்தில் சில கிரெடிட்கள் ஏறுகின்றன.

2. தேவை நிறைவு: பட்டத்துக்குக் கட்டாயமான ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் படித்து முடித்ததாகக் கல்லூரி ஏற்கிறது.

3. நிலை ஒதுக்கீடு: தொடக்கப் பாடத்தைத் தாண்டி அடுத்த பாடத்தில் உட்கார அனுமதி கிடைக்கிறது. இதில் எண்ணிக்கை ஏறாமலும் போகலாம்.

ஒரே தேர்வுக்கு ஒரு கல்லூரி மூன்றையும் தரும். இன்னொன்று எண்ணிக்கையை மட்டும் தரும். பிரவுன் பல்கலைக்கழகம் ஏபி (ஹைஸ்கூலில் படித்து எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) மதிப்பெண்ணைப் பட்டத்துக்கான பாட எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை; மேல்நிலைப் பாடத்தில் சேர மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். டார்ட்மத் கல்லூரி, 2018இல் பட்டம் பெறும் வகுப்பிலிருந்து ஏபிக்கு கிரெடிட் தருவதையே நிறுத்தியது. அங்கும் நிலை ஒதுக்கீடு தொடர்ந்தது. எனவே ஒரு கல்லூரியைப் பற்றி ‘ஏபியை ஏற்றுக்கொள்வார்களா?’ என்று கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். எதற்காக ஏற்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

வழிகள் என்னென்ன?

ஏபி, அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், கல்லூரி வாரியம் எனப்படும் காலேஜ் போர்டு 1950களின் நடுவிலிருந்து நடத்தும் திட்டம். பாடம் ஹைஸ்கூலிலேயே, அந்தப் பள்ளி ஆசிரியராலேயே நடத்தப்படும். மே மாதம் நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. ஜூலையில் முடிவு வரும். 2025இல் அமெரிக்காவுக்குள் ஒரு தேர்வின் கட்டணம் 99 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. இங்கே வகுப்பில் வாங்கிய ‘ஏ’ கிரெடிட் தராது. மே மாதத் தேர்வின் மதிப்பெண்தான் தரும். வகுப்பில் ஆண்டு முழுக்க நன்றாகப் படித்துவிட்டு, தேர்வை எழுதாமல் விட்டால் கல்லூரி கிரெடிட் கிடையாது. வகுப்புக்கே போகாமல் தேர்வை மட்டும் எழுதவும் வழி உண்டு.

டூயல் என்ரோல்மென்ட் வேறு வகை. இதில் மாணவர் ஹைஸ்கூலில் இருந்தபடியே ஒரு கல்லூரியிலும் பதிவு செய்து, உண்மையான கல்லூரிப் பாடத்தைப் படிக்கிறார். பெரும்பாலும் அது பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜாக, அதாவது உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியாக இருக்கும். வகுப்பு கல்லூரி வளாகத்தில் நடக்கலாம், இணைய வழியில் நடக்கலாம், கல்லூரி அங்கீகரித்த பள்ளி ஆசிரியரால் ஹைஸ்கூல் வகுப்பறையிலேயே நடக்கலாம். ஒரே நாள் தேர்வில் எதுவும் முடிவாகாது. செமஸ்டர் முழுவதும் எழுதிய வீட்டுப்பாடம், இடைத்தேர்வு, இறுதித்தேர்வு எல்லாம் சேர்ந்து வரும் கிரேடு அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவேட்டில்) பதிவாகும். சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலேயே பள்ளிகளுக்குள் தன் பாடங்களைக் கொண்டுபோனது. மின்னசோட்டா 1985இல் மாநிலம் முழுவதற்குமான திட்டத்தைச் சட்டமாக்கியது. வாஷிங்டனில் ரன்னிங் ஸ்டார்ட், ஓஹாயோவில் காலேஜ் கிரெடிட் பிளஸ் என ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு பெயர். இதையே இன்னும் நெருக்கமாகத் திட்டமிட்டு, ஹைஸ்கூல் முடிக்கும்போதே இரண்டாண்டு அசோசியேட் பட்டம்வரை போகவிடும் ‘எர்லி காலேஜ்’ பள்ளிகளும் உண்டு.

ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் டிப்ளமோ எடுக்கும் பள்ளிகளில் மதிப்பெண் 1 முதல் 7 வரை. கல்லூரிகள் பெரும்பாலும் ஹையர் லெவல் பாடங்களுக்கே, அதுவும் 5 அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான் கிரெடிட் தருகின்றன.

கிளெப் என்றொரு தேர்வும் உண்டு. இதையும் காலேஜ் போர்டுதான் நடத்துகிறது. வகுப்பு எதுவும் தேவையில்லை. படித்துவிட்டு நேராகப் போய் எழுதலாம். மதிப்பெண் 20 முதல் 80 வரை, பொதுவான பரிந்துரை 50. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் செல்லும். போட்டி கடுமையான தனியார் பல்கலைக்கழகங்களில் செல்வது அரிது.

முடிவு யார் கையில்?

பள்ளி கவுன்சிலர் கையிலும் இல்லை, காலேஜ் போர்டு கையிலும் இல்லை. மாணவர் பின்னர் சேரும் கல்லூரி முடிவெடுக்கிறது. அங்கேயும், எண்ணிக்கையைப் பதிவாளர் அலுவலகம் பார்க்கும். மேஜர் (பட்டத்தின் முதன்மைத் துறை) பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாமா என்பதைத் துறை பார்க்கும்.

மாநிலச் சட்டங்கள் ஓரளவு பாதுகாப்பு தருகின்றன. டெக்சாஸ் 2015இல் இயற்றிய சட்டப்படி, ஏபியில் 3க்கு மேல் வேண்டும் என்று அரசுக் கல்லூரி கேட்பதானால், அது ஏன் அவசியம் என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். இல்லினாயில் 3 வாங்கினாலே அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும். ஆனால் அதே சட்டம், அந்த கிரெடிட்டை விருப்பப் பாடமாக வைப்பதா, பொதுக்கல்வித் தேவைக்கா (எந்த மேஜரானாலும் எல்லோரும் படிக்க வேண்டிய பாடங்கள்), மேஜருக்கா என்று முடிவு செய்யும் உரிமையைக் கல்லூரியிடமே விட்டிருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 3 முதல் கிரெடிட் தருகிறது. எந்தத் தேவைக்கு அது ஈடாகும் என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும். ‘சட்டமே இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைக் கவனிப்பதில்லை.

டூயல் என்ரோல்மென்ட் கிரெடிட் அதே மாநில அரசுக் கல்லூரிகளுக்குள் சுமுகமாக நகரும். ஃபுளோரிடா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பாடங்களுக்குப் பொது எண் முறை இருப்பதால், ஒரு கல்லூரியில் எடுத்த பாடம் இன்னொன்றில் எதற்குச் சமம் என்பது முன்கூட்டியே தெரியும். மாநில எல்லையைத் தாண்டினாலோ, தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போனாலோ நிலைமை மாறுகிறது. அங்கே சில கல்லூரிகள், ஹைஸ்கூல் முடிக்கத் தேவையான கணக்கில் ஏற்கெனவே சேர்த்த பாடத்தை மறுபடி ஏற்பதில்லை. வேறு சில, ஹைஸ்கூல் கட்டடத்தில் நடந்த வகுப்பை ஏற்பதில்லை. எங்கே சேரப்போகிறோம் என்று உறுதியாகத் தெரியாத மாணவருக்கு, நாடு முழுவதும் ஒரே அளவுகோல் உள்ள ஏபி சற்றுப் பாதுகாப்பானது. சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் டூயல் என்ரோல்மென்ட்டே மேல் என்பது என் கருத்து. ஒரே நாள் தேர்வை நம்பி ஆண்டு முழு உழைப்பை வைக்க வேண்டியதில்லை. கல்லூரி வகுப்பு எப்படி இருக்கும் என்ற பழக்கமும் வந்துவிடுகிறது.

30 கிரெடிட் இருந்தும் ஓராண்டு ஏன் குறைவதில்லை?

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். 120ஐ 4ஆல் வகுத்தால் 30. அப்படியானால் 30 கிரெடிட்டுடன் போனால் ஓராண்டு மிச்சம் என்று தோன்றும். கணக்கு சரி, பட்டம் அப்படி அமைவதில்லை.

ஒரு பட்டத்துக்கு எத்தனை செமஸ்டர் ஆகும் என்பதை மொத்த கிரெடிட் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்று தொடரும் முன்தேவைப் பாடங்களின் சங்கிலி தீர்மானிக்கிறது. பொறியியலை எடுத்துக்கொள்வோம். கால்குலஸ் 1 முடிந்தால்தான் கால்குலஸ் 2, அப்புறம் பல மாறி கால்குலஸும் வகைக்கெழுச் சமன்பாடுகளும், அதற்கு மேல்தான் துறையின் மையப் பாடங்கள், கடைசியில் இறுதியாண்டுத் திட்டப்பணி. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றும் கிரெடிட் காலத்தைக் குறைக்கும். சங்கிலிக்கு வெளியே இருப்பது வாரச் சுமையைக் குறைக்குமே தவிர, பட்டம் வாங்கும் தேதியை அசைக்காது.

பொறியியலுக்குப் போகும் ஒரு மாணவர் கொண்டுவரும் பாடங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

1. ஏபி கால்குலஸ் பிசி: உயர்ந்த மதிப்பெண் இருந்தால் பல பல்கலைக்கழகங்களில் கால்குலஸ் 1, 2 இரண்டுக்கும் ஈடாகும். சங்கிலியின் முதல் இரண்டு கண்ணிகள் போய்விடும்.

2. ஏபி பிசிக்ஸ் 1: இது இயற்கணித அடிப்படையிலான இயற்பியல். பொறியியல் துறைகள் கேட்பது கால்குலஸ் அடிப்படையிலானது. அதற்கு ஈடாவது பிசிக்ஸ் சி. எனவே பிசிக்ஸ் 1 கிரெடிட் வெறும் விருப்பப் பாடமாக நின்றுவிடக்கூடும்.

3. கம்யூனிட்டி காலேஜில் எடுத்த காலேஜ் அல்ஜீப்ரா: 3 கிரெடிட், ‘ஏ’ கிரேடு. ஆனால் பொறியியல் திட்டம் தொடங்குவதே கால்குலஸிலிருந்து. இது உட்காரக் கட்டம் இல்லை.

4. ஏபி உளவியல், அமெரிக்க வரலாறு: பொதுக்கல்வித் தேவையில் சேரும். பயன் உண்டு, ஒவ்வொரு செமஸ்டரிலும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

5. ஏபி சுற்றுச்சூழல் அறிவியல்: பொறியியல் திட்டத்தில் விருப்பப் பாடத்துக்கான இடம் மிகக் குறைவு. பெரும்பாலும் மிகுதியாக நிற்கும்.

எண்ணிப் பார்த்தால் கிரெடிட் 25ஐத் தொடலாம். பட்டத்தை முன்னே நகர்த்துவது கால்குலஸ் ஒன்றுதான். இதே பட்டியலுடன் ஒரு மாணவி அரசியல் அறிவியலுக்குப் போனால் கதை வேறு. அங்கே சங்கிலி குட்டை, விருப்பப் பாட இடம் அதிகம். காலேஜ் அல்ஜீப்ராவும் சுற்றுச்சூழல் அறிவியலும்கூட இடம்பிடித்துவிடும். மூன்று அல்லது மூன்றரை ஆண்டில் முடிப்பது நடக்கக்கூடியது. தொடக்கத்தில் சொன்ன இரண்டு பிள்ளைகளின் வேறுபாட்டுக்குக் காரணம் அவர்களுடைய உழைப்பில் இல்லை, எடுத்த பட்டத்தின் அமைப்பில் இருந்தது.

ஆண்டு குறையாவிட்டாலும் பயன் இல்லை என்று நினைக்க வேண்டாம். கிரெடிட் அதிகம் உள்ளவர்களுக்குப் பல கல்லூரிகளில் பாடப் பதிவு முன்னதாகத் திறக்கும். இரண்டாவது மேஜர் எடுக்கலாம், பயிற்சிப் பணிக்கு ஒரு செமஸ்டர் ஒதுக்கலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: முழுநேர மாணவர் என்ற தகுதிக்குச் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். உதவித்தொகைகள் பலவும் இதை நிபந்தனையாக வைக்கின்றன. முன்பே நிறைய முடித்துவிட்டவர்கள் கடைசி செமஸ்டர்களில் 12ஐ எட்டும் அளவுக்குப் பாடம் வைத்திருக்கத் திட்டமிட வேண்டும்.

இன்னொன்று. கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தாண்டிவிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஏபி திட்டத்தின் ‘கால்குலஸ் ஏபி’ (AB) தேர்வில் 3 வாங்கிய மாணவர் நேராகக் கால்குலஸ் 2இல் உட்கார்ந்தால், அடித்தளம் ஆடுவது முதல் இடைத்தேர்விலேயே தெரியும். மருத்துவப் படிப்பை நோக்கிப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: மருத்துவக் கல்லூரிகள் சில, வேதியியல், உயிரியல் முன்தேவைகளுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்பதில்லை, அல்லது அதே துறையில் மேல்நிலைப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்கின்றன.

பதினாறு வயதில் எழுதப்படும் நிரந்தரப் பதிவு

ஏபியில் மதிப்பெண் குறைந்தால் பெரிய சேதம் இல்லை. அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விடலாம். டூயல் என்ரோல்மென்ட்டில் அந்த வசதி இல்லை. பத்தாம், பதினொன்றாம் வகுப்பில் வாங்கும் ‘டி’யும் அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் நிரந்தரமாக நிற்கும். பின்னாளில் வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தாலும், ஹைஸ்கூல் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் டிரான்ஸ்கிரிப்டும் போயாக வேண்டும்.

அதே கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மத்திய அரசின் நிதியுதவியிலும் இது எதிரொலிக்கும். உதவி தொடர்ந்து கிடைக்க, எடுத்த கிரெடிட்டில் போதிய பங்கைத் தேர்ச்சியுடன் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. பாதியில் விலகிய பாடமும் எடுத்த கணக்கில்தான் வரும். சிரமப்படுகிற பாடத்தை முதல் சில வாரங்களுக்குள், பதிவே இல்லாமல் நீக்கிக்கொள்ள ஒரு கடைசித் தேதி இருக்கும். அது கல்லூரியின் நாட்காட்டியில் இருக்கும், பள்ளியின் நாட்காட்டியில் இருக்காது. இந்தத் தேதியைத் தவறவிடுவதால் வரும் பாதிப்பு பெரிது. தயவுசெய்து முதல் வாரத்திலேயே குறித்துவையுங்கள்.

பெற்றோருக்கு அதிர்ச்சி தரும் ஒரு விதியும் உண்டு. கல்லூரியில் பதிவு செய்த நாள் முதல், அந்தக் கல்லூரிப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருக்கு உரியது. வயது பதினாறாக இருந்தாலும் சரி. பேராசிரியருக்குப் பெற்றோர் மின்னஞ்சல் அனுப்பினால், மாணவரிடமே பேசச் சொல்லிப் பதில் வருவது அதனால்தான்.

செலவும் விசாவும்

ஃபுளோரிடாவில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு டூயல் என்ரோல்மென்ட் கட்டணம் இல்லை. மின்னசோட்டாவில் பாடநூல் செலவையும் மாநிலமே ஏற்கிறது. டெக்சாஸ் 2023 முதல் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பங்கேற்கும் கல்லூரிகளில் இலவசமாக்கியது. வேறு இடங்களில் குறைந்த கட்டணம் இருக்கும். கம்யூனிட்டி காலேஜ் வரை போய்வரும் செலவு தனி.

எச்-1பி விசாவில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு கூடுதல் பரிமாணம் உண்டு. பிள்ளைகளின் எச்-4 (பெற்றோரைச் சார்ந்திருப்போருக்கான விசா) தகுதி 21 வயதில் முடிந்துவிடும். நான்காண்டுப் பட்டம் படிக்கும் பெரும்பாலோருக்கு 21 வயது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ வந்துவிடுகிறது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். சில மாநிலங்களில் அத்துடன் உள்மாநிலக் கட்டணச் சலுகையும் கேள்விக்குள்ளாகும். எச்-4 மாணவர்களுக்கு மத்திய அரசின் நிதியுதவியும் கிடையாது. இவர்களுக்கு ஒரு செமஸ்டரோ ஓராண்டோ குறைவது வெறும் பணச் சேமிப்பு மட்டும் இல்லை. விசா சிக்கலுக்குள் விழும் காலத்தையே சுருக்குகிறது. ஆகவே, சங்கிலியைக் குறைக்கும் பாடம் எது என்று தேடிப் பிடிப்பது இவர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

தமிழ் படித்ததற்கு கிரெடிட் உண்டா?

ஏபியில் தமிழ்த் தேர்வு இல்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படித்ததைப் பல பள்ளி மாவட்டங்கள் உலக மொழிப் பாடமாக ஏற்கின்றன. ஆனால் அது ஹைஸ்கூல் கிரெடிட், கல்லூரி கிரெடிட் இல்லை. இருமொழித் திறனுக்கான முத்திரையை (சீல் ஆஃப் பைலிட்டரசி என்ற சான்று) மாநிலங்கள் தருகின்றன. மின்னசோட்டாவில் அந்த முத்திரை பெற்றவர்களுக்கு மாநிலக் கல்லூரி அமைப்பில் கிரெடிட்டும் உண்டு. பெர்க்லி, மிச்சிகன் போன்று தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில், திறன் தேர்வு எழுதிப் பட்டத்தின் மொழித் தேவையை நிறைவு செய்ய முடியுமா என்று துறையிடம் கேட்கலாம். எண்ணிக்கை ஏறாமல் தேவை மட்டும் நிறைவாவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மொழிப் பாடத்துக்குச் செலவாகும் இரண்டு மூன்று செமஸ்டர் இடம் மிச்சமாகலாம்.

எந்த வரிசையில் செய்வது?

1. சேர வாய்ப்புள்ள நான்கைந்து கல்லூரிகளின், விரும்பும் மேஜருக்கான செமஸ்டர் வாரியான திட்டத்தை எடுங்கள். பெரும்பாலான துறைகளின் இணையதளத்தில் இருக்கும்.

2. அதில் முன்தேவைச் சங்கிலியையும், பொதுக்கல்விக் கட்டங்களையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

3. அதே கல்லூரிகளின் ஏபி, கிளெப் சமநிலைப் பட்டியலை (எந்தத் தேர்வு எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டுவது) பாருங்கள். ‘விருப்பப் பாடம்’ என்று எழுதியிருந்தால் அது எண்ணிக்கைக்கு மட்டுமே. டூயல் என்ரோல்மென்ட் பாடத்துக்குக் கலிஃபோர்னியாவின் அசிஸ்ட் தளம் போன்ற மாநிலப் பட்டியல்கள் உதவும்.

4. மேஜர் முடிவாகவில்லையா? ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், கால்குலஸ், ஒரு சமூக அறிவியல் ஆகிய மூன்றுக்கும் ஏறக்குறைய எந்தத் திட்டத்திலும் இடம் இருக்கும்.

5. ஹைஸ்கூல் முடிந்ததும் டூயல் என்ரோல்மென்ட் நடந்த கல்லூரியிலிருந்து அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டை அனுப்பச் சொல்லுங்கள். பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடம் இருப்பது போதாது. ஏபி மதிப்பெண்ணையும் தனியாக அனுப்ப வேண்டும். தேர்வு எழுதும் ஆண்டில் ஜூன் 20க்குள் ஒரு கல்லூரியைக் குறிப்பிட்டால் அதற்குக் கட்டணம் இல்லை.

6. ஒவ்வொரு கல்லூரிப் பாடத்தின் சிலபஸையும், முக்கியக் கட்டுரைகளையும் பத்திரப்படுத்துங்கள். கிரெடிட்டை மறுத்தாலோ விருப்பப் பாடமாகத் தள்ளினாலோ, துறையிடம் மறுபரிசீலனை கேட்க முடியும். எந்தப் பாடநூல், எத்தனை வாரம், எந்தெந்தத் தலைப்புகள் என்று காட்டும் சிலபஸ்தான் அப்போது கேட்கப்படும் முதல் ஆவணம்.